மட்டாஞ்சேரியிலிருந்து குட்டநாட்டுக்கு: குடும்பத்தோடு ஒரு சைக்கிள் பயணம்

வேலையின் பொருட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர் பலருக்கு ரயில் என்றாலே ஊருக்குப் போகும் வண்டி என்பதுதான் பொருள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும், கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் நாம் ரயில் ஏறுகிறோம். மற்றப்படி, குடியிருக்கும் வீட்டுக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் நடுவேயுள்ள தெருவே நமது உலகமாகிவிடுகிறது. கொச்சியை எடுத்துக்கொள்வோம். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடைகளை வெளுப்பதற்காக வந்தோரின் வழியினர் என்று சொல்லப்படும் தமிழ்ச் சலவைத் தொழிலாளர் கோட்டைக் கொச்சியில் இன்றும் வாழ்கின்றனர். மிளகும் சுக்கும் மணக்கும் மட்டாஞ்சேரிக் கிட்டங்கித் தெருக்களில் தமிழ்க் குரல் கேளாத நாள் இல்லை. இவ்வளவு நெடுங்காலத் தொடர்பு இருந்தும், நம் பிள்ளைகளைக் கேட்டுப் பார்த்தால் தாத்தா வீட்டுக் கிணற்றடியை வருணிப்பார்கள். தாங்கள் பிறந்து வளரும் நாட்டில் நெல் எங்கே விளைகிறது என்று கேட்டால் விழிப்பார்கள்.

இக்குறையைப் போக்கிக்கொள்ளப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஒரு சனியும் ஞாயிறும், ஒரு மணி நேர ரயில் பிரயாணம், ஆளுக்கொரு சைக்கிள், இவை போதும். தார்ச்சாலையை விட்டு இறங்கி, மண்பாதையிலும் வரப்பு வழியிலும் குடும்பத்தோடு இரண்டு நாள் செல்வது எவ்வாறு என்பதை இங்கே விளக்க முற்படுகிறோம்.

திட்டம் எவ்வளவு இன்றியமையாதது என்பதை நாங்கள் பட்டே அறிந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் மட்டாஞ்சேரியிலிருந்து மூன்று குடும்பத்தார் ஒன்றாகக் கிளம்பினோம். திட்டம் போட்டவர்கள் ஆண்கள். நாளொன்றுக்கு நாற்பது கிலோமீட்டர் என்று கணக்கிட்டோம். பிற்பகல் மூன்று மணிக்கு, ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி வரப்பின் நடுவே சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்து அழத் தொடங்கினாள். முன்னே போய்விட்டவர்களுக்கு அது தெரியாது. அவளுடைய தாயார் தம் சைக்கிளைச் சிறிது தூரம் தள்ளி நிறுத்துவதும், திரும்பிப் போய் மகளின் சைக்கிளைத் தள்ளி வருவதுமாக, இருட்டிய பிறகே சாலையை அடைந்தார். அச்சிறுமி அதன் பின் ஓராண்டு சைக்கிளைத் தொடவில்லை. வழியின் மேல் குற்றம் சொல்வதற்கில்லை; எங்கள் கணக்கே பிழை.

ஆகவே முதல் விதி இது. பயணத்தின் தூரத்தை நிர்ணயிக்க வேண்டியவர், குடும்பத்தில் யார் மிக மெல்லச் செல்கிறாரோ அவர். எட்டு வயதுக் குழந்தை உடன் வருமானால், மண்பாதையில் மணிக்கு ஆறு கிலோமீட்டருக்கு மேல் எதிர்பார்க்கலாகாது. இளைப்பாறல், வேடிக்கை பார்த்தல், செயின் கழன்றால் மாட்டுதல் எல்லாம் இதில் அடங்கும். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று வைத்தால் ஒரு நாளைக்குப் பதினைந்து முதல் பதினெட்டுக் கிலோமீட்டர் ஆகிறது. அது குறைவு என்று தோன்றினால், மண்பாதையில் ஒரு கிலோமீட்டர் என்பது தார்ச்சாலையில் இரண்டு கிலோமீட்டருக்குச் சமம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இனி, எங்கே போவது? மட்டாஞ்சேரிக்காரருக்கு மிக ஏற்ற இடம் ஆலப்புழையை அடுத்த குட்டநாடு. மலையேற்றம் இல்லை, காட்டு விலங்கு அச்சம் இல்லை, ரயில் நிலையமும் அருகிலேயே இருக்கிறது. வேம்பநாட்டுக் காயலின் தென்பாகத்தில் கடல் மட்டத்துக்கும் தாழ்ந்து கிடக்கும் நெல்வயல் நாடு இது. கடலினும் தாழ்ந்த நிலத்தில் நடைபெறும் இவ்வேளாண்மை முறையை, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2013ஆம் ஆண்டில் உலகின் சிறப்புமிக்க வேளாண் மரபுகளுள் ஒன்றாக அங்கீகரித்தது. மட்டாஞ்சேரி அரண்மனையைக் கட்டியவர்கள் போர்த்துகீசியர். பின்னர் புதுப்பித்தவர்கள் டச்சுக்காரர். அதனால் அது டச்சு அரண்மனை என்றே பெயர் பெற்றது. அந்த டச்சுக்காரரின் தாய்நாடாகிய நெதர்லாந்தும் கடல் மட்டத்துக்குத் தாழ்ந்த நிலத்தை அணைகட்டிக் காத்துவரும் நாடுதான். அங்கே குடும்பம் குடும்பமாக அணைக்கரைகளின் மேல் சைக்கிளில் செல்வது அன்றாடக் காட்சி. கூட்ட நேரம் தவிர்த்து, தனிச் சீட்டு வாங்கிக்கொண்டு சைக்கிளை ரயிலுக்குள்ளேயே ஏற்றிக்கொள்கிறார்கள். நிலத்தின் அமைப்பில் ஒப்புமை இருக்கிறது. ரயிலின் வசதியில்தான் வேற்றுமை. அதைப் பின்னர் பார்ப்போம்.

அடுத்தது பருவம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, வயலெல்லாம் நீர்க்காடு. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு வெள்ளத்தில் குட்டநாட்டு மக்கள் பெருந்திரளாக வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்ததை நாம் மறக்க முடியாது. அக்டோபரிலும் நவம்பரிலும் பிற்பகலில் இடியோடு மழை வரும். வரப்பில் நிற்பவருக்கு ஒதுங்க இடமிராது. மேலும் அம்மாதங்களில்தான் வயல்நீரை இறைத்து வடித்துப் பயிர் ஏற்றுகிறார்கள். ஈரக் களிமண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அடைந்து வண்டியை நிறுத்திவிடும். மார்ச், ஏப்ரலில் அறுவடை, அறுவடை இயந்திரங்களும் நெல் ஏற்றும் படகுகளும் மும்முரமாக இயங்கும் வேளையில் நாம் குறுக்கே நிற்கலாகாது, வெயிலும் கடுமை. ஆகையால் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிய உள்ள காலமே சிறந்தது. கரை காய்ந்திருக்கும், பயிர் பச்சையாயிருக்கும்.

ரயில் விஷயத்தில் ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. எர்ணாகுளத்திலிருந்து தெற்கே காயங்குளம் செல்ல இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று கோட்டயம் வழி. மற்றொன்று கடலோரமாக ஆலப்புழை வழி. திருவனந்தபுரம் வண்டி என்று மட்டும் கேட்டு ஏறினால் கோட்டயத்தில் போய் இறங்க நேரலாம். ஆலப்புழை வழி செல்லும் வண்டியா என்று கேட்டுச் சீட்டு வாங்க வேண்டும். எர்ணாகுளம் சந்திப்பிலிருந்து ஆலப்புழை ஏறத்தாழ 57 கிலோமீட்டர். மட்டாஞ்சேரியிலிருந்து சந்திப்பை அடைய, தோப்பும்படி வழிப் பேருந்து இருக்கிறது. 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட மட்டாஞ்சேரி நீர் மெட்ரோ துறையிலிருந்து படகேறி உயர்நீதிமன்றத் துறைக்குச் சென்றும் போகலாம். குழந்தைகளுக்குப் படகே உகந்தது; பயணம் வீட்டு வாசலிலேயே தொடங்கிவிட்டதாக மகிழ்வார்கள். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஆலப்புழைக்கு நேர்வண்டி உள்ளதால், ஊரிலிருக்கும் உறவினரையும் அங்கே வந்து சேரச் சொல்லலாம்.

போகும் வண்டியைக் காட்டிலும் திரும்பும் வண்டியே முக்கியம். ஞாயிறு மாலை வண்டியின் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். நிலையத்தில் அரைமணி, சைக்கிளைத் திருப்பித் தர அரைமணி, குளித்து உடை மாற்ற ஒரு மணி என்று கழித்தால், எத்தனை மணிக்கு மண்பாதையிலிருந்து திரும்ப வேண்டும் என்பது தெளிவாகும். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் உண்டு என்பதைப் பெரியவர்கள் மறந்தால் தண்டனை பிள்ளைகளுக்கே.

சொந்தச் சைக்கிளைக் கொண்டுபோவதா, வாடகைக்கு எடுப்பதா என்னும் கேள்வி எழும். நம் ரயில்களில் பயணிக்குரிய இலவசச் சாமான் அளவில் சைக்கிள் சேராது. வண்டி புறப்பட அரைமணிக்குக் குறையாமல் முன்னதாகவே சென்று, தனியே பதிவு செய்து, சாமான் பெட்டியில் ஏற்ற வேண்டும். சாமான் பெட்டி இல்லாத வண்டிகளும் உண்டு. கொச்சி மெட்ரோவில் 2020ஆம் ஆண்டு முதல் சைக்கிளை உடன் கொண்டுசெல்ல விடுகிறார்கள். ஆனால் அது நகரத்துக்குள் மட்டுமே. ஒரு மணி நேரப் பயணத்துக்காக நான்கு சைக்கிள்களைப் பதிவு செய்து ஏற்றி இறக்குவதைவிட, ஆலப்புழையில் வாடகைக்கு எடுப்பதே மேல். ஆனால் முன்னதாகவே பேசி வைக்க வேண்டும். சிறுவர் சைக்கிள் எத்தனை அங்குலச் சக்கரம் என்றும், பெரியவர் சைக்கிளில் பின்னால் கேரியர் உண்டா என்றும் விசாரிக்க வேண்டும். தலைக்கவசத்தை மட்டும் வீட்டிலிருந்தே கொண்டுபோவது நலம். பிறருடையது நம் பிள்ளையின் தலைக்குப் பொருந்துவது அரிது.

வண்டியைக் கையில் வாங்கியதும் ஐந்து நிமிடம் செலவழித்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். முன் பிரேக், பின் பிரேக் இரண்டும் பிடிக்கின்றனவா? ஹேண்டில் பார் இறுக்கமாக இருக்கிறதா? பெரியவர் சீட்டில் அமர்ந்து பெடலைக் கீழே மிதிக்கும்போது கால் ஏறக்குறைய நீள வேண்டும். குழந்தைக்கோ இரு பாதமும் தரையைத் தொட வேண்டும். பட்டையான டயரே மண்ணுக்கு ஏற்றது. சாலைக்கு அடிக்கும் காற்றைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் மண்ணில் பிடிப்பு கிடைக்கும். அளவுக்கு மீறிக் குறைத்தால் கல்லில் மோதி டியூப் கிழியும். காற்றுப் பம்பு, ஒட்டுப் போடும் ரப்பர், சொல்யூஷன், ஸ்பேனர் ஆகியவை ஒரு பையில் இருக்கட்டும். வரப்பில் பஞ்சர் கடை கிடையாது.

சனிக்கிழமை வழியைக் காண்போம். ஆலப்புழை நிலையம் கடற்கரைப் பக்கம் இருக்கிறது. குட்டநாடு நகரத்துக்குக் கிழக்கே. அதிகாலை வண்டியில் வந்திறங்கி, தங்குமிடத்தில் மூட்டையை வைத்துவிட்டு, கால்வாய்களை ஒட்டி நகரத்தைக் கடந்து, சங்ஙனாசேரிச் சாலையில் பள்ளாத்துருத்தி வரை செல்ல வேண்டும். இச்சாலையில் போக்குவரத்து மிகுதி. ஆகவே ஒருவர் பின் ஒருவராக, முன்னே ஒரு பெரியவர், பின்னே ஒரு பெரியவர், நடுவே பிள்ளைகள் என்று போவதே முறை. பள்ளாத்துருத்தியில் ஆற்றங்கரைப் பாதையில் இறங்கினால் ஒருபுறம் நீர், மறுபுறம் வயல். நீர் மட்டம் வயலைவிட உயர்ந்திருப்பதைக் குழந்தைகள் தாங்களே கண்டுபிடிக்கட்டும். நாம் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம்.

வழியில் சிறு தோடுகளைக் கடக்கும் நடைபாலங்கள் வரும். பலவற்றில் படிக்கட்டு இருக்கும். அங்கே சைக்கிளைத் தூக்கித்தான் ஆக வேண்டும். படகில் கடக்க வேண்டிய இடங்களும் உண்டு. சைக்கிளை ஏற்ற இடமுண்டா என்று படகுக்காரரைக் கேட்டுக்கொண்டு ஏற வேண்டும். வரப்பு எங்கே நம் இரு கை நீட்டிய அகலத்துக்குக் குறைகிறதோ, அங்கே எல்லாரும் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று முன்கூட்டியே விதி செய்துகொண்டால் வாக்குவாதம் இராது. எதிரே சுமையோடு வருபவருக்கு வழி விட வேண்டியவர்கள் நாம். அந்த வரப்பு அவர்களுடைய வேலைத்தலம்.

இந்நிலம் உண்டான வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிடத் தக்க இடம் கிடையாது. காயலின் நடுவே தென்னங்கழிகளை வரிசையாக நட்டு, நடுவே சேறும் மணலும் நிரப்பிக் கரை எழுப்பி, உள்ளிருந்த நீரை இறைத்தே வயல் ஆக்கினார்கள். இயந்திரம் வருமுன் நீர் இறைத்தது எது தெரியுமா? பல இலைகள் பொருத்திய மரச்சக்கரம். தொழிலாளர்கள் அதன் மேல் அமர்ந்து, இரவும் பகலும் காலால் மிதித்துச் சுழற்றி நீரை வெளியே தள்ளினார்கள். பின்னர் இயந்திரத்தால் இயங்கும் பெட்டியும் பறையும் என்னும் இறைவை வந்தது. நாம் பொழுதுபோக்காக மிதிக்கும் கரை, பிறர் வயிற்றுக்காக மிதித்த கால்களால் உண்டானது. பெடலை மிதித்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு இது எளிதில் விளங்கும்.

ஆபத்துகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சுற்றிலும் நீர் இருந்தும் குட்டநாட்டில் குடிநீர் அருமை. ஆளுக்கு இரண்டு லிட்டர் கையோடு இருக்க வேண்டும். வயல்நீரிலும் தோட்டு நீரிலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். அது காலிலுள்ள சிறு புண் வழியே உடம்பில் புகும். ஆதலால் வெறுங்காலோடு நீரில் இறங்கலாகாது; சிராய்ப்பு ஏற்பட்டால் உடனே நல்ல நீரால் கழுவிக் கட்டுப் போட வேண்டும். திரும்பி வந்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், எங்கே போய் வந்தோம் என்பதை மருத்துவரிடம் மறவாமல் கூற வேண்டும். நீந்தத் தெரியாத பிள்ளை படகில் மிதவைச் சட்டை அணியாமல் ஏறலாகாது. மார்கழியில் ஆறு மணிக்குச் சற்றுப் பின் கதிரவன் மறைகிறான். ஐந்து மணிக்குள் சாலைக்கு வந்துவிட வேண்டும்.

மொழி பற்றியும் ஒரு சொல். குட்டநாட்டு மூதாட்டி ஒருவர் நம் பிள்ளையைப் பார்த்து, வெள்ளம் வேண்டுமா என்று கேட்டால் அஞ்ச வேண்டாம். குடிக்கத் தண்ணீர் தர விரும்புகிறார். பாடம் என்றால் அங்கே நெல்வயல். சிற என்றால் கரை. பழந்தமிழிலும் சிறை என்னும் சொல்லுக்கு அணை என்ற பொருள் உண்டு. பள்ளியில் மலையாளம் படித்தும் தெருவில் பேசக் கூசும் நம் பிள்ளைகள், வழி கேட்கும் வேலையை ஏற்றுக்கொண்டால் இரண்டே நாளில் கூச்சம் தீர்வார்கள். அந்த வேலையை அவர்களுக்கே விட்டுவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வழி எளிதாக இருக்கட்டும். முதல் நாள் அலுப்பு இரண்டாம் நாள்தான் தெரியும். ஆலப்புழைக் கடற்கரையில் 1862ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கத்தையும், சிதைந்து நிற்கும் பழைய கடற்பாலத்தையும் பார்த்துவிட்டு, வடக்கே தும்போளி, காட்டூர் வழியாக மாராரிக்குளம் நோக்கிக் கடலோர மணற்சந்துகளில் செல்லலாம். தென்னை நிழல் உண்டு. கயிறு திரிக்கும் வீடுகளும் வலை உலர்த்தும் முற்றங்களும் வழியில் வரும். இறுகிய ஈரமணலில் சக்கரம் ஓடும், பொடிமணலில் புதையும். புதைந்தால் மல்லுக்கு நிற்காமல் இறங்கித் தள்ளுவதே அறிவு. இங்கே எந்த ஊர் வரை போவது என்று முடிவு செய்யாமல், எத்தனை மணிக்குத் திரும்புவது என்றே முடிவு செய்ய வேண்டும். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால், எட்டரை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும். மாராரிக்குளத்தை எட்டாவிட்டாலும் குறைவில்லை. கடற்காற்றின் உப்பு செயினைத் துருவேற்றும். வண்டியைத் திருப்பித் தருமுன் நல்ல நீரால் கழுவிக் கொடுப்பது மரியாதை.

ஆலப்புழையைச் சுற்றும்போது இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். குட்டநாட்டவராகிய தகழி சிவசங்கரப் பிள்ளை 1947ஆம் ஆண்டில் எழுதிய தோட்டியின் மகன் என்னும் நாவல், இந்நகரின் துப்புரவுத் தொழிலாளரைப் பற்றியது. அதில் வரும் இசக்கிமுத்து, சுடலைமுத்து ஆகிய பெயர்களே அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பதைச் சொல்லும். சுந்தர ராமசாமி அதைத் தமிழாக்கியுள்ளார். நமக்கு முன் இவ்வழியே வந்து உழைத்தவர்களும் உண்டு என்பதை வளர்ந்த பிள்ளைகள் அறிந்துகொள்வது நல்லது.

வீட்டு நிர்வாகத்தைக் கவனியாத திட்டம் திட்டமாகாது. இரண்டு நாளும் சமைப்பதும் மூட்டை சுமப்பதும் தாய்மாருடைய வேலை என்றால், அவர்களுக்கு அது விடுமுறையாகாது. முதல் நாள் மதியத்துக்குப் புளியோதரையோ எலுமிச்சை சாதமோ கட்டிக்கொள்ளலாம். அதைக் கட்டும் வேலையில் எல்லாரும் சேர வேண்டும். மற்ற வேளைகளுக்கு அப்பமும் கடலைக் கறியும், விருப்பமுள்ளோர்க்கு மரவள்ளிக்கிழங்கும் மீனும் அங்கேயே கிடைக்கும். பல ஆண்டுகளாகச் சைக்கிள் ஏறாத தாய்மார், புறப்படுவதற்கு முந்தைய இரண்டு ஞாயிறுகளில் கோட்டைக் கொச்சி மைதானத்தில் பழகிக்கொள்ளட்டும். அப்போது பிள்ளைகளின் வேகமும் நமக்குத் தெரிந்துவிடும். ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையைத் தக்க இருக்கை பொருத்திய சைக்கிளில் மட்டுமே ஏற்றலாம். கேரியரில் சும்மா உட்கார வைத்தால் கால் சக்கரக் கம்பிகளில் சிக்கும்.

மட்டாஞ்சேரியைச் சொன்னது எடுத்துக்காட்டுக்காகவே. மும்பையில் இருப்போருக்கு உள்ளூர் ரயிலில் கர்ஜத் இருக்கிறது; பெங்களூரில் இருப்போருக்கு நந்திமலை அடிவாரம் இருக்கிறது. இடம் எதுவாயினும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றே: திரும்பும் வண்டி எப்போது? சைக்கிள் எங்கே கிடைக்கும்? மண் எந்த மாதத்தில் காயும்? நம்மில் மிக மெல்லச் செல்பவர் எவ்வளவு தூரம் செல்வார்? இந்நான்குக்கும் விடை கிடைத்த பிறகே சீட்டு வாங்க வேண்டும்.

முதலில் கூறிய சிறுமியைப் பற்றியும் சொல்லி முடிப்போம். ஓராண்டு கழித்து மறுபடி அதே வரப்புக்குப் போனோம். இம்முறை அவளையே முன்னே விட்டோம். அவள் நின்றால் எல்லாரும் நிற்பது, அவள் போனால் போவது என்று ஏற்பாடு. முற்பகலில் பத்துக் கிலோமீட்டர்தான் ஆயிற்று. கொக்குகளை எண்ணினாள், ஒரு படகுக்காரரிடம் மலையாளத்தில் வழி கேட்டாள், சென்ற முறை உட்கார்ந்து அழுத இடத்தை எங்களுக்குக் காட்டிவிட்டு, நிற்காமல் மிதித்துக்கொண்டு போனாள். ரயிலில் திரும்பும்போது, அடுத்த முறை எந்தப் பக்கம் போகலாம் என்று அவள்தான் முதலில் கேட்டாள்.